பூட்டில்லாத ஊர்

“விரல வேட்டியில தொடச்சிட்டு வைங்க பெரியப்பா. மெதுவா. தக்காளியா அது, அமுக்கிப் பாக்கறதுக்கு?”

சோபனா இதைத் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொல்கிறாள். எதிரில் நிற்கும் பச்சியப்பனின் கட்டைவிரலில் தக்காளிச் செடியின் கறை கறுத்துப் படிந்திருக்கிறது. ரேகை தேய்ந்து வழுவழுத்திருக்கிறது. அவரை அவர்தான் என்று ஒப்புக்கொள்ள ரேகைக் கருவி மறுக்கிறது. விரலை நெற்றியில் தேய்த்துவிட்டு வைக்கச் சொல்கிறாள். அந்த எண்ணெய்ப் பிசுக்கு போதும், கருவி சம்மதித்துவிடுகிறது. உடனே திரையில் ஒரு கட்டம் எழுகிறது: மேற்கண்ட விதிமுறைகள் அனைத்தையும் படித்துப் புரிந்துகொண்டு ஏற்கிறேன். கட்டம் முழுதாக விரிவதற்குள் சோபனாவின் ஆள்காட்டி விரல் அதை அமுக்கிவிடுகிறது. படித்துக்கொண்டு உட்கார்ந்தால் நேரம் கடந்துவிட்டதென்று தளம் வெளியே தள்ளிவிடும். மறுபடி விரல், மறுபடி நெற்றி. பாலக்கோட்டுச் சுற்றுவட்டாரத்தின் சார்பில் அவள் ஏற்றுக்கொண்டிருக்கும் விதிமுறைகளை ஒருவர் உட்கார்ந்து படித்தால் ஆயுள் போதாது.

தக்காளி மண்டிக்குத் திரும்பும் முனையில், உரக்கடைக்குப் பக்கத்தில் இருக்கிறது அவளுடைய ஆன்லைன் சேவைக் கடை. இரண்டு கணினி, ஒரு பிரிண்டர், ஒரு ஜெராக்ஸ் இயந்திரம், மண்டியிலிருந்து காற்றோடு வரும் அழுகல் வாடை. ‘அனைத்து ஆன்லைன் வேலைகளும் உடனடியாகச் செய்து தரப்படும்’ என்கிறது பலகை. ‘உடனடியாக’ என்பது பலகை எழுதியவர் தாமாகச் சேர்த்தது. அந்தச் சொல்லின்மேல் சோபனாவுக்கு இன்றும் கோபம் ஆறவில்லை. “நானா குடுக்கறேன்? எங்கியோ ஒரு பெட்டி ஒக்காந்திருக்குது. அது மனசு வெச்சாத்தான் உங்க பேரே உங்களுக்கு” என்பாள்.

அவளைப் பொறுமைசாலி என்று யாரும் சொல்லமாட்டார்கள். வருகிறவர்களை அதட்டுவாள். தாளை மடித்துக் கொடுத்தால் திட்டுவாள். ரகசிய எண் வரவேண்டிய கைப்பேசியை வீட்டில் வைத்துவிட்டு வருகிறவர்கள்தான் அவளுக்குப் பரம எதிரிகள். போன் மகனிடம் இருக்கும், மகன் ஓசூரில் கம்பெனி வேலையில் இருப்பான், கம்பெனிக்குள் போன் எடுக்கக் கூடாது. அவன் வெளியே வந்து எண்ணைச் சொல்வதற்குள் அந்த எண் செத்துப்போயிருக்கும். நாற்பது வருடமாக உழுது வரும் நிலத்துக்குச் சொந்தக்காரர், அந்த நிலம் தன்னுடையதுதான் என்று ஒரு காகிதம் வாங்க மகனின் பான்பராக் இடைவேளைக்காகக் காத்து நிற்பார். சோபனா நாற்காலியில் சாய்ந்து விட்டத்தைப் பார்த்தபடி, யாரிடம் என்றில்லாமல் கேட்பாள்: “இதுக்கும் அவனக் கேக்கணுமா?”

அந்த ஒரு வாக்கியத்தில் அவளுடைய தத்துவம் முழுவதும் அடங்கிவிடுகிறது என்று சொன்னால் அது கொஞ்சம் பெருமைப்படுத்துவதாகிவிடும். எரிச்சல் தத்துவமாவதற்கு வெகுதூரம் போகவேண்டும். ஆனால் எரிச்சலில் அவளுக்கு ஒரு நேர்மை உண்டு. நாலு கடை தள்ளி இதே தொழில் செய்யும் குரு, பசித்தால் “சர்வர் போச்சுங்க, சாயந்தரம் வாங்க” என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விடுவான். சோபனா அதைச் செய்யமாட்டாள். பசித்தால் “எனக்குப் பசிக்குது, ஒக்காருங்க” என்று சொல்லி, வந்தவர்கள் எதிரிலேயே டப்பாவைத் திறப்பாள். குருவிடம் ஒருமுறை நேராகவே கேட்டுவிட்டாள்: “அது பாட்டுக்கு ஓடிட்டிருக்குது. ஓடறதப் போயி செத்துப்போச்சுங்கற. நாளைக்கு நெசமாவே நின்னா யாருடா நம்புவா?” அவன் சிரித்துக்கொண்டே, “அக்கா, நீங்க மட்டுந்தான் சர்வருக்கு சொந்தக்காரங்க மாதிரி பேசறீங்க” என்றான்.

பகல் முழுக்க எங்கோ இருக்கும் பெட்டியிடம் அனுமதி கேட்டுக் களைத்தவள், சாயங்காலம் வீட்டில் யாரிடமும் அனுமதி கேட்காத ஒன்றைத் தேடியதில் வியப்பில்லை. அவளுக்கு அது கணினி விளையாட்டு.

விளையாட்டிலும் பூட்டு உண்டென்பதை அவள் சிரமப்பட்டுத் தெரிந்துகொண்டாள். காசு கொடுத்து வாங்கியிருந்தாலும், திறக்கும்போது அது விற்றவனுடைய சர்வரைக் கூப்பிட்டு, இவர் வாங்கியவர்தானா என்று கேட்கும். பதில் வந்தால்தான் உள்ளே விடும். கல்யாணமான புதிதில் கணவன் அறிவழகனுக்கு அப்படியொன்றைப் பரிசாக வாங்கி, அவனுடைய மடிக்கணினியில் ஏற்றிக் கொடுத்தாள். அறிவழகன் வனக்காப்பாளர். பென்னாகரத்துக்கு அப்பால் காட்டுக்குள் இருக்கும் முகாமில் பணி. அங்கே டவர் கிடையாது. கூரையில் ஒரு சோலார் தகடு, சுற்றிலும் யானை நெருங்காமலிருக்க வெட்டிய அகழி, அவ்வளவுதான். விடுப்பில் வந்தவனிடம் விளையாட்டு எப்படி என்று ஆவலாகக் கேட்டாள். “இணைப்பு இல்லைன்னு நல்லா எழுதிக் காட்டுது. எழுத்தெல்லாம் அழகா இருக்குது” என்றான் அவன். அன்று முதல் பூட்டுள்ள எதையும் அவள் வாங்கியதில்லை.

பூட்டில்லாமல் விற்கும் தளமொன்று இருப்பதைத் தேடிக் கண்டுபிடித்தாள். அங்கே வாங்கினால் விளையாட்டை நிறுவும் கோப்பையே கையில் கொடுத்துவிடுவார்கள். பென்டிரைவில் போட்டு எங்கும் கொண்டுபோகலாம், காட்டுக்குள்ளும் திறக்கலாம், விற்றவன் கடையை மூடிவிட்டுப் போனாலும் திறக்கலாம். வாங்கிய ஒவ்வொன்றின் கோப்பையும் தனி ஹார்டுடிஸ்கில் ஏற்றி, பழைய துணியில் சுற்றி, பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் வைத்திருக்கிறாள். கடைக்கு வருகிற கல்லூரிப் பிள்ளைகளிடமும், “எதையும் ஒரு காப்பி எடுத்து வெய்யுங்க. அவன்கிட்ட இருக்குதுன்னு நம்பாதீங்க” என்று கேட்காமலே புத்தி சொல்வாள்.

அப்படி வாங்கியதில் ஒன்று நிலைத்துவிட்டது. வெறும் ஆற்றங்கரையில் ஊர் எழுப்பும் விளையாட்டு. வெட்டு, குத்து, துப்பாக்கி எதுவும் கிடையாது. வந்து குடியேறுகிறவர்களுக்குத் தண்ணீர், தானியம், விறகு கிடைக்க வேண்டும். கிடைக்காவிட்டால் மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். அறிவழகனின் மடிக்கணினி, கல்லூரியில் படித்தபோது அரசு இலவசமாகக் கொடுத்தது. அதிலிருந்த விண்டோஸ் வைரஸ் ஏறி என்றோ வீணாகிவிட, சோபனா அதை எடுத்துவிட்டு, அதற்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸை மட்டும் வைத்திருந்தாள். இந்த விளையாட்டுக்கு லினக்ஸ் பதிப்பும் இருந்தது. சோபனாவுடையது பெங்களூரில் பழையதாக வாங்கிய விண்டோஸ் மடிக்கணினி. ஒருவர் சேமித்த ஊரை மற்றவர் கணினியிலும் திறக்க முடிந்தது. அதுதான் எல்லாவற்றுக்கும் தொடக்கம்.

முதலில் இருவரும் ஒரே ஊரின் ஆளுக்கொரு பிரதியை வைத்துக்கொண்டு ஆடினார்கள். அறிவழகன் விடுப்பில் வந்தபோது ஊர் இரண்டாகியிருந்தது. அவனுடைய ஊரில் அவள் கட்டிய சந்தையை இடித்து ஏரி வெட்டியிருந்தான். அவளுடைய ஊரில் அந்த இடத்தில் சந்தை இன்னும் பெரிதாகியிருந்தது. யாரைக் கேட்டு என் சந்தையை இடித்தீர்கள் என்று இவள். மழை பெய்தால் தண்ணீர் நிற்க இடம் வேண்டாமா என்று அவன். எது உண்மையான ஊர் என்பதில் அந்த விடுப்பு முழுதும் போயிற்று. இரண்டும் ஒரே அளவு உண்மை என்பதுதான் தகராறே. உள்ளறையிலிருந்து ஏரி, சந்தை, என் நிலம் என்றெல்லாம் காதில் விழ, மாமியார் தீர்த்தம்மாள் இவர்கள் தனக்குத் தெரியாமல் எங்கேயோ நிலம் வாங்கிவிட்டார்கள் என்று நம்பி இரண்டு வேளை சாப்பிடாமல் இருந்தார். விஷயம் தெரிந்த பிறகு அவர் சொன்னது இன்றும் அந்த வீட்டில் வழக்கில் இருக்கிறது: “கம்ப்யூட்டர்ல ஊரே கட்டறாங்களாம். வூட்டுச் செவத்துக்குப் பூச்சு இல்ல.”

கடைசியில் சோபனா விட்டுக்கொடுத்தாள். ஏரி நின்றது. அதை மாதம் ஒருமுறையாவது ஞாபகப்படுத்துவாள். அதோடு ஒரு விதியும் போட்டாள். ஊர் ஒன்றுதான் இருக்கவேண்டும். கோயில் கயிறு கட்டிய ஒரு சிவப்புப் பென்டிரைவில் மட்டும் அது இருக்கும். ஒரு விடுப்பிலிருந்து அடுத்த விடுப்புவரை அவனோடு காட்டில் இருக்கும்; அடுத்த முறை அவளோடு வீட்டில். யாரும் பிரதி எடுத்து வைக்கக்கூடாது. ஊருக்கெல்லாம் காப்பி எடுத்து வையுங்கள் என்று சொல்கிறவள், தன் ஊருக்கு மட்டும் காப்பி கூடாது என்று சட்டம் போட்டது முரண்தான். ஆனால் இரண்டு பேருக்குப் பொதுவான ஒன்று, இருவரிடமும் தனித்தனியாக இருந்தால் பொதுவாக இருக்காது என்பதை அவள் அந்தத் தகராறில் கண்டுகொண்டாள். பிரதி எடுத்துப் பாதுகாக்க முடியாத பொருள்களும் உலகத்தில் இருக்கின்றன.

கட்டடங்களுக்குப் பெயர் வைக்க அந்த விளையாட்டில் இடமுண்டு. தமிழில் அடித்தால் வெறும் கட்டம் கட்டமாகக் காட்டும். இதற்காகவே அவள் அந்த நிறுவனத்துக்கு இரண்டு முறை எழுதியிருக்கிறாள்; “உங்கள் ஆர்வத்துக்கு நன்றி” என்று இரண்டு முறையும் பதில் வந்தது. ஆகவே ஆங்கில எழுத்தில் தமிழை அடித்தார்கள். அவள் முறை வந்து ஊரைத் திறந்தால் ஏரிக்கரையில் ஒரு புதுக் கிணறு இருக்கும். அதன் பெயர் ‘தலைவலி போச்சா’. போன விடுப்பில் அவளுக்குத் தலைவலி. அவள் அதற்குப் பக்கத்தில் ஒரு களஞ்சியம் கட்டி ‘போகல’ என்று பெயர் வைப்பாள். ‘அறிவு தூங்குமூஞ்சி ரோடு’ என்று ஒன்று உண்டு. ‘மன்னிச்சிரு பாலம்’ என்று ஒன்று. எதற்காக மன்னிப்பு என்பது இருவருக்கும் இப்போது நினைவில்லை, பாலம் இருக்கிறது. மூன்றாவது படிக்கும் மகளை உட்காரவைத்து இதையெல்லாம் காட்டினாள். யாருமே ஓடலையே, யாருமே சுடலையே என்று அந்தப் பெண் எழுந்து போய்விட்டது.

பச்சியப்பனிடம் ஒருநாள் பூட்டு விஷயத்தைச் சொல்லிப் புலம்பினாள். அவர் ஆறுதலாக, “கம்பெனி விதை மாதிரின்னு சொல்லு பாப்பா. ஒருக்கா போட்டா சரி, மறுக்கா அவன்கிட்டயே போவணும்” என்றார். அவளுக்கு எரிச்சல் வந்துவிட்டது. “அது மண்ணுல போட்டா யாரையும் கேக்காம மொளைக்குமில்ல பெரியப்பா? இது மொளைக்கறதுக்கே அவனக் கேக்கணும்.” அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, அப்படியென்றால் அதை வாங்கினவன்தான் முட்டாள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

போன சித்திரையில் அந்த விளையாட்டு நிறுவனம் புதிய பதிப்பு வெளியிட்டது. ஏதோ குளிர்நாட்டில் நாலைந்து பேர் சேர்ந்து நடத்தும் சிறு நிறுவனம் அது. புதிய பதிப்பில் ஆற்றில் படகு விடலாம் என்று அறிவித்திருந்தார்கள். அறிவழகனுக்கு அது நெடுநாள் ஆசை. பரிசலில் ஆற்றைக் கடந்து ரோந்து போகிறவன். இவ்வளவு பெரிய ஆற்றை வைத்துக்கொண்டு ஒரு பரிசல்கூட விடாதவர்கள் என்ன ஊர் கட்டுகிறார்கள் என்று ஒவ்வொரு விடுப்பிலும் கேட்பான். அறிவிப்பின் கடைசியில் இன்னொரு வரி இருந்தது. லினக்ஸ் பதிப்பை இத்துடன் நிறுத்துகிறோம். பயன்படுத்துகிறவர்கள் மிகவும் குறைவு.

சோபனா விளையாட்டை வாங்கிய தளத்தின் வாசகர் பகுதியில் போய்ப் பார்த்தாள். உலகத்தின் பல மூலைகளிலிருந்து அவளைப்போலவே எரிச்சலடைந்தவர்கள் எழுதியிருந்தார்கள். பூட்டுள்ள பெரிய கடையில் வாங்கியவர்களுக்குத் திருத்தங்கள் உடனே வருகின்றன, பூட்டில்லாமல் வாங்கிய எங்களுக்கு மட்டும் மாதம் கழித்து வருகின்றன, அப்புறம் வராமலே போகின்றன என்று ஒருவர். வாக்குக் கொடுத்து விற்றதைத் திரும்பப் பெறுவது நியாயமா என்று இன்னொருவர். அவளும் தன் ஆங்கிலத்தில் எழுதினாள். என் கணவருடைய கணினி லினக்ஸ், அவர் இருப்பது காடு, எங்களுக்கு இருப்பது ஒரு ஊர். இதைப் படித்தவர்களுக்கு என்ன புரிந்ததோ, ஆறேழு பேர் கட்டைவிரலை உயர்த்தியிருந்தார்கள்.

சரி, படகு எப்படி இருக்கிறது என்று மட்டும் பார்ப்போம் என்று ஒரு சாயங்காலம் புதிய பதிப்பை இறக்கினாள். ஊரைத் தொடுவதாக எண்ணமே இல்லை. புதிதாக ஒரு வெற்று ஆற்றங்கரையைத் திறந்து, ஒரு படகை விட்டுப் பார்த்துவிட்டு மூடிவிடுவதாகத்தான் திட்டம். ஆனால் அது அவளுடைய முறை. சிவப்புப் பென்டிரைவ் கணினியில் செருகியே இருந்தது. விளையாட்டு திறந்ததும் ஒரு கட்டம் எழுந்தது. பழைய ஊர் ஒன்று கண்டறியப்பட்டது, அதைப் புதிய வடிவுக்கு மாற்றட்டுமா, மாற்றினால் பழைய பதிப்பில் திறக்க இயலாது. இவ்வளவும் அவள் பிறகு படித்தது. கட்டம் முழுதாக விரிவதற்குள் விரல் அமுக்கிவிட்டது.

திரையில் ஊர் வந்தது. ஏரி, கிணறு, மன்னிச்சிரு பாலம், எல்லாம் முன்பைவிடப் பளபளப்பாக. ஆற்றங்கரையில் ஒரு படகுத்துறைக்கு இடம் விட்டிருந்தது. பூட்டில்லாத பொருளுக்கு ஒரு குணம் உண்டு. அதைக் கெடுப்பதற்கும் யாரையும் கேட்கவேண்டியதில்லை.

அந்த வாரம் அவளிடம் கடையில் அகப்பட்டவர்கள் பாவம். அறிவழகனின் மடிக்கணினியில் புதிய பதிப்பை ஓட்டக் குறுக்குவழி உண்டா என்று தேடினாள். உண்டு, ஆனால் அதற்கு வேண்டிய வலு அந்த மடிக்கணினிக்கு இல்லை. நிறுவனத்துக்கு மறுபடி எழுதினாள். மாற்றிய ஊரைப் பழைய வடிவுக்குத் திருப்ப முடியுமா? மறுநாளே பதில் வந்தது. உங்கள் ஆர்வத்துக்கு நன்றி, திருப்ப முடியாது. இனிமேல் இப்படி நேராமலிருக்க விளையாட்டைப் பெரிய கடையில் வாங்கும்படி பரிந்துரைக்கிறோம். அங்கே வாங்கியிருந்தால் உங்கள் ஊரின் பழைய பிரதி அவர்களுடைய சர்வரில் பத்திரமாக இருந்திருக்கும்.

அதில் பொய் எதுவும் இல்லை என்பதுதான் அவளைப் பிறாண்டியது. தாழ்ப்பாள் இல்லாத வீட்டில் திருடு போனால், சிறையில் இருந்திருந்தால் போயிருக்காதே என்று சொல்வதுபோல இருந்தது. பதிலை மூடிவிட்டுத் திறந்தாள், திறந்துவிட்டு மூடினாள். பெரிய கடையில் அவள் வாங்கவில்லை.

அறிவழகன் விடுப்பில் வந்தான். காக்கிச் சட்டையைக் கழற்றுவதற்கு முன்பே அவள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அவன் கணினி எதிரில் உட்கார்ந்து, துறையில் அவள் விட்டிருந்த படகைப் பார்த்துக்கொண்டே இருந்தான். அது அக்கரைக்குப் போய்த் தானியம் ஏற்றிக்கொண்டு திரும்பி வந்தது.

“வட்டமா இல்ல. இருந்தாலும் படகுதான்” என்றான்.

“கேக்கறீங்களா இல்லியா? உங்க பொட்டியில இது இனி தொறக்காது.”

“படிக்காமயா அமுக்கின? ஊருக்கெல்லாம் சொல்லுவ.”

“படிக்கற வெரலா இது? காலைல இருந்து அமுக்கற வெரல்.” இதற்காகவே காத்திருந்ததுபோலக் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்: “உங்ககிட்ட பழைய காப்பி ஒண்ணுகூடவா இல்ல? நெசமா சொல்லுங்க, திட்டமாட்டேன்.”

“நீதான எடுக்கக் கூடாதுன்ன.”

“நான் சொன்னா? நான் சொன்னதெல்லாமா கேக்கறீங்க? செவத்துக்குப் பூச்சு பூசச் சொல்லி எத்தன வருசமாச்சு, அதக் கேட்டீங்களா?”

கல்யாணமான இத்தனை காலத்தில் கணவன் தன் பேச்சைத் தட்டாததற்காக அவள் அழுதது அந்த ஒருநாள்தான். பிறகு அவனுடைய மடிக்கணினியை எடுத்துக் கொடுத்து, வேண்டுமென்றால் இதில் புதிதாக ஒரு ஊர் ஆரம்பிக்கலாமே என்று அவளே அவனுக்குச் சொல்லிப் பார்த்தாள். பழைய பதிப்புதான் இருக்கிறதே. “வேற ஊரு எனக்கெதுக்கு?” என்றான் அவன். தீர்த்தம்மாள் சமையலறையிலிருந்து, இப்போது எந்த ஊர் போயிற்று என்று கேட்டார்.

கிளம்பும்போது அவன் மடிக்கணினியை எடுத்துக்கொள்ளவில்லை. பையில் அது இருந்த இடம் பொக்கென்று கிடந்தது. சிவப்புப் பென்டிரைவ் முதன்முறையாக அவனுடைய முறையில் வீட்டிலேயே தங்கியது. சோபனா ஊரைத் திறக்கவில்லை. முறை அவளுடையது அல்ல.

சில நாள் கழித்து முற்பகலில் கடைக்கு ஒரு அழைப்பு வந்தது. முகாமிலிருந்து ரோந்து போகும் வழியில் ஒரு பாறை மேடு இருக்கிறது. அதன்மேல் ஏறி நின்றால் டவர் எட்டும். அங்கிருந்துதான் பேசினான். சாப்பிட்டாயா, பாப்பா பள்ளிக்குப் போயிற்றா என்பதெல்லாம் ஆன பிறகு, “ஏரிக்கு வடக்கால வரிசையா மரம் வெய்யி. என் முறைதான இது” என்றான். கடையில் கூட்டம். அவள் சரி சரி என்று சொல்லி வைத்துவிட்டு, சாயங்காலம் வீட்டுக்குப் போய் நினைவிலிருந்து மரங்களை வைத்தாள். அடுத்த விடுப்பில் வந்து பார்த்தவன், “இது நீ வெச்ச மரம்” என்றான். எப்படித் தெரியும் என்றாள். “இவ்ளோ நெருக்கமா யாரு வெப்பாங்க? யானை எப்பிடிப் போவும்?” அந்த விளையாட்டில் யானையே கிடையாது.

அந்த விடுப்பு முடிந்து அவன் காட்டுக்குத் திரும்பிய பிறகு சோபனா வீட்டுக் கணினியைப் பையில் போட்டுக் கடைக்கு எடுத்துவர ஆரம்பித்தாள். அவனுக்குப் பாறைமேல் டவர் கிடைப்பது முற்பகலில்தான். அவளுக்குக் கூட்டம் நெரிவதும் அப்போதுதான். முதல் சில நாள் கணினி மேசைக்கு அடியில் பையிலேயே கிடந்தது. அழைப்பு வரவில்லை. வந்த ஒருநாள் இரண்டு நிமிடத்தில் அறுந்துபோயிற்று. பகலெல்லாம் மற்றவர்களுக்காக விரலை விற்கிறேன், இப்போது இவருக்கும் நான்தான் விரலா என்று குருவிடம் சலித்துக்கொண்டாள். பிறர் சொல்லச் சொல்லப் பொத்தானை அமுக்குவதுதானே அவள் வெறுக்கும் தொழில்.

தக்காளி வரத்து கூடியிருந்த ஒரு நாள் அது. மண்டியில் வண்டிகள் முட்டிக்கொண்டு நின்றன. விலை இறங்கியிருந்ததால் வந்தவர்கள் முகத்தில் சிடுசிடுப்பு. பயிர்க் காப்பீட்டுக்குக் கடைசி நாள் வேறு. வரிசை உரக்கடை வாசல்வரை போயிருந்தது. முதல் ஆளாகப் பச்சியப்பன் விரலை வேட்டியில் துடைத்து, நெற்றியில் தேய்த்து, இப்போதெல்லாம் யாரும் சொல்லாமலே, கருவியின்மேல் வைத்திருந்தார். தளம் என்றைக்கும் இல்லாத வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

கைப்பேசி அடித்தது.

சோபனா பெயரைப் பார்த்தாள். வரிசையைப் பார்த்தாள். பிறகு குனிந்து, மேசைக்கு அடியிலிருந்து பையை இழுத்தாள்.

“பெரியப்பா, விரல எடுங்க” என்றாள். “சர்வர் போயிருச்சு.”

வரிசையில் ஒரு முனகல் பரவிப் பின்னால் போயிற்று. பச்சியப்பன் விரலை எடுத்துவிட்டுக் கருவியைப் பார்த்தார். விரலைக் கேட்கும் அந்தச் சிறிய சிவப்பு விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

“எரியுதே பாப்பா.”

டீ வாங்க வந்த குரு வாசலில் நின்று எட்டிப் பார்த்தான். “எனக்கு நல்லா ஓடுதேக்கா” என்றான்.

சோபனா வீட்டுக் கணினியைத் தன் பக்கமாகத் திருப்பித் திறந்து, கைப்பேசியைத் தோளுக்கும் காதுக்கும் இடையில் இடுக்கிக்கொண்டு, “கரையை ஒட்டியா, தள்ளியா? யானை போற அளவுக்கு விட்டாச்சு, சொல்லுங்க” என்று கேட்டபடி வலது கையால் ஒரு மரத்தை வைத்தாள். இடது கையால் மேசைமேல் கிடந்த பச்சியப்பனின் ஆதார் ஜெராக்ஸைத் துழாவி எடுத்து, எரிந்துகொண்டிருந்த அந்த விளக்கின்மேல் கவிழ்த்து வைத்தாள்.